புதுக் கணக்கு

நான் பண்ணைப்புரத்துக்காரன் என்று சொன்னவுடன் எதிரே இருப்பவர் என்ன கேட்பார் என்பது எனக்கு மனப்பாடம். "இளையராஜா பிறந்த ஊர் அல்லவா?" என்பார். "ஆமாம்" என்பேன். அதற்குப் பிறகு பேச்சு பாட்டைப் பற்றியே போகும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனும் ஏதோ நாலு நாவல் எழுதியவன் என்பது மறந்து போகும். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. மேற்கு மலையின் அடிவாரத்தில் இருக்கும் ஒரு சிற்றூர் இரண்டு பேரைக் கொண்டாட வேண்டும் என்று எதிர்பார்ப்பது பேராசை அல்லவா?

பேராசையைப் பற்றியும்தான் இந்தக் கட்டுரை. இன்னும் சரியாகச் சொன்னால், பேராசையோ பயமோ வந்து கதவைத் தட்டும் நேரத்தில், நாம் வருஷக் கணக்காகச் சேர்த்து வைத்த நல்ல வார்த்தைகள் எல்லாம் எங்கே போய் ஒளிந்து கொள்கின்றன என்பதைப் பற்றி.

என் தகப்பனாருக்கு ஊரில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது. விடிவதற்கு முன்பே திறந்து விடுவார். மலைக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்புக்காகக் காத்திருக்கும் நேரம் அது. வெற்றிலை, பாக்கு, வழியில் கடித்துக் கொள்ள வறுகடலை என்று வியாபாரம் நடக்கும். பகலில் நிலக்கடலை வியாபாரியும் மாட்டுத் தரகரும் வந்து திண்ணையில் உட்காருவார்கள். அப்பா அதிகம் பேச மாட்டார். கேட்டுக் கொண்டே இருப்பார். அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு.

அவருடைய கணக்கு நோட்டில் கடைசிப் பத்துப் பக்கங்கள் கணக்குக்கு உரியவை அல்ல. திண்ணையில் காதில் விழுந்த வார்த்தைகளில் எது அவருக்குப் பிடித்ததோ அதை அங்கே எழுதி வைப்பார். "கூலியை வீட்டுக்குப் போய் எண்ணிக்கொள் என்கிறவனிடம் வேலைக்குப் போகாதே" என்பது அதில் ஒன்று. தோட்டத்துக்குப் போகிற ஓர் அம்மாள் சொன்னது. "விலை உச்சத்தில் இருக்கும்போது தோட்டம் வாங்காதே, அப்போது விற்க வருகிறவன் உன்னைவிட விவரமானவன்" என்பது இன்னொன்று. இது தரகர் சொன்னது. தரகரே இப்படிச் சொன்னார் என்றால் அன்றைக்கு அவருக்கு என்ன மனக் கசப்போ!

சித்திரை முதல் நாள் புதுக் கணக்கு. புது நோட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, பழைய பாக்கிகளைப் பெயர்த்து எழுதுவது வியாபாரிகள் எல்லோரும் செய்வதுதான். அப்பா இன்னொரு காரியமும் செய்வார். பழைய நோட்டின் கடைசிப் பத்துப் பக்கங்களைத் திறந்து வைத்துக் கொண்டு, அந்த வாசகங்களையும் புது நோட்டில் ஒவ்வொன்றாகத் திரும்ப எழுதுவார். சிலவற்றை எழுதாமல் விட்டு விடுவார். சிலவற்றை ஒரு சொல் மாற்றி எழுதுவார். இதற்கு ஒரு பிற்பகல் முழுவதும் ஆகும். அவ்வளவு நேரமும் கடையில் சாமான் கேட்டு வருகிறவர்களை அம்மாதான் கவனிப்பாள்.

எனக்குப் பதினான்கு வயது இருக்கும்போது அவருடைய 1994-ஆம் வருஷத்து நோட்டிலிருந்து எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் நகல் எடுத்துக் கொண்டேன். எடுக்கும்போதே ஒரு சந்தேகம் வந்தது. ஒரே பக்கத்தில், 'துணிந்தவனுக்குத் துக்கமில்லை' என்றும் இருந்தது. 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்றும் இருந்தது. இதில் எது சரி என்று கேட்டேன். அப்பா சிரித்தார்.

"உப்பும் சீனியும் ஒரே கடையிலதான்யா இருக்கு. எதை எதுல போடுறதுன்னு ஆக்குறவுகதான் பாக்கணும்" என்றார்.

அந்தப் பதிலையும் நோட்டில் எழுதிக் கொண்டேன். அதை விளங்கிக் கொள்ள எனக்கு இருபத்தைந்து வருஷங்களுக்கு மேல் ஆயின.

கல்லூரியில் இரண்டு வருஷம் இருந்தேன். பிறகு படிப்பை விட்டு விட்டு எழுத வந்து விட்டேன். அந்த நோட்டு மட்டும் கூடவே வந்தது. படித்த புத்தகங்களில் பிடித்த கருத்துக்களை எல்லாம் அதில் சேர்த்தேன். பணத்தைப் பற்றி, முடிவெடுப்பதைப் பற்றி, நட்பைப் பற்றி, மரணத்தைப் பற்றி. ஒரு நோட்டு மூன்று நோட்டாயிற்று. நண்பர்களிடம் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு. தபால் தலை சேர்க்கிற பையன் எந்தத் தேசத்துக்கும் கடிதம் எழுதுவதில்லை என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

இனி இரண்டு சம்பவங்களைச் சொல்ல வேண்டும். இரண்டும் எனக்குப் பெருமை தருபவை அல்ல.

முதலாவது, 2014-ஆம் வருஷத்தில் நடந்தது. அப்பா காலமாகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அக்கா தன் பெண்ணை நர்ஸிங் படிப்பில் சேர்ப்பதற்காக நாற்பதாயிரம் ரூபாய் கேட்டு வந்தாள். என்னிடம் பணம் இருந்தது. ஆனால் என் நோட்டில், அப்பாவின் வார்த்தையாக, "சொந்தத்துக்குக் கடன் கொடுக்காதே, பணமும் போகும், சொந்தமும் போகும்" என்று இருந்தது. அதையே அவளிடம் சொன்னேன். அப்பா எழுதி வைத்தது என்று அழுத்தமாகவே சொன்னேன். அக்கா எதிர்த்துப் பேசவில்லை. "அப்பா எழுதுனதா? அப்பச் சரிடா" என்று சொல்லி விட்டுக் காப்பியைக் குடித்து விட்டுப் போய் விட்டாள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துப் பெண்ணைச் சேர்த்தாள். வட்டி ஏறிச் சங்கிலி மீளவில்லை, ஏலத்துக்குப் போயிற்று.

ஏலம் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு அர்த்தமும் அன்றாடம் புழங்கும். ஒன்று, கூவி விற்பது. மற்றது, மலையில் விளைவது. இரண்டாவது சம்பவம் அந்த இரண்டையும் சேர்த்து வந்தது.

2018-ஆம் வருஷத்தில் கேரளத்தில் பெரு வெள்ளம் வந்து இடுக்கி மலைத் தோட்டங்கள் சேதமாயின. அதை அடுத்து வந்த கோடையில் மழை தவறியது. காய் குறைந்தது, விலை ஏறியது. 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஏலக்காயின் உச்ச விலை கிலோவுக்கு 7,000 ரூபாய் வரைக்கும் போயிற்று. போடிநாயக்கனூரிலிருந்து கம்பம் வரையில் டீக்கடைகளில் வேறு பேச்சே கிடையாது. பெரியப்பா மகன், அண்ணன் முறை, வண்டன்மேட்டுப் பக்கம் மூன்று ஏக்கர் குத்தகைக்கு வருகிறது என்றார். என் சேமிப்பையும் மனைவியின் சேமிப்பையும் சேர்த்து நாலு லட்சம் போட்டேன். மூன்றே நாளில் முடிவு செய்த காரியம்.

என் நோட்டு அப்போது மேஜை டிராயரில்தான் இருந்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது தோட்டம் வாங்காதே என்ற வாக்கியம் அதன் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. திறந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பிறகு நடந்ததைச் சொல்வானேன்? விலை நன்றாக இருந்ததால் எல்லோரும் தோட்டத்தைக் கவனித்தார்கள், மழையும் ஒத்து வந்தது, காய் பெருகியது, விலை இறங்கியது. இரண்டு வருஷத்துக்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாயை ஒட்டி வந்து விட்டது. நாங்கள் அதற்கு முன்பே உரத்துக்கும் மருந்துக்கும் கூலிக்கும் தாங்காமல் குத்தகையைக் கை கழுவி விட்டோம்.

ஆக, ஒரு முறை நோட்டைப் பார்த்துக் கெட்டேன். ஒரு முறை பார்க்காமல் கெட்டேன். அப்படியானால் நல்ல கருத்துக்களைச் சேர்த்து வைப்பதில் என்னதான் பிரயோஜனம்? இந்தக் கேள்வி என்னை வெகு நாள் உறுத்திக் கொண்டிருந்தது.

2020-ஆம் வருஷம் மார்ச் மாதம் ஊரடங்கு வந்தபோது நான் பண்ணைப்புரத்தில் இருந்தேன். பொழுது போகாமல், பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அப்பாவின் கணக்கு நோட்டுகள் அத்தனையும் வருஷ வாரியாக அடுக்கி இருந்தன. நான் நகல் எடுத்த 1994 நோட்டும் இருந்தது. அடுத்த வருஷத்து நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் பார்த்தேன். சொந்தத்துக்குக் கடன் கொடுக்காதே என்ற வாசகம் அப்படியே இருந்தது. 1996-லும் இருந்தது. 1997-இல் அது இப்படி மாறியிருந்தது:

"சொந்தத்துக்குக் கடன் கொடுக்காதே. முடிந்தால் சும்மா கொடுத்து விடு, கணக்கில் எழுதாதே."

என் கை சில்லிட்டது. இடையில் என்ன நடந்தது என்று 1996-ஆம் வருஷத்துப் பற்று வரவைப் புரட்டினேன். அத்தையின் பெயரில் மூவாயிரம் ரூபாய் பற்று எழுதி, வரவு எதுவும் எழுதாமலே அதன் மேல் குறுக்காக ஒரே ஒரு கோடு இழுத்திருந்தார். அத்தை கடைசி வரைக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து போய்க் கொண்டிருந்தாள் என்பது எனக்கு நினைவு இருக்கிறது. அதற்கு முன்பு ஒரு வருஷம் போல அவள் வராமல் இருந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

நான் அப்பாவின் வார்த்தை என்று அக்காவிடம் சொன்னேனே, அது அப்பாவே கை விட்ட வார்த்தை. அவர் அதைத் திரும்ப எழுதும்போது தன் வாழ்க்கையோடு ஒத்துப் பார்த்தார். நானோ ஒரு முறை எழுதியதோடு சரி. பதினான்கு வயதில் எடுத்த நகலை முப்பது வயதுக்கு மேல் அக்காவின் முன்னால் நீட்டினேன்.

நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைக் காப்பாற்றிய விதத்தை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். பனையோலை சில நூற்றாண்டுகளுக்கு மேல் தாங்காது. பூச்சி அரிக்கும், ஓரம் உதிரும். பெட்டியில் பூட்டி வைத்தவை மண்ணாகிப் போயின. தலைமுறைக்கு ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதியவைதான் உ.வே. சாமிநாதையர் கைக்கு வந்து அச்சேறின. வாழ்க்கைக்கு உதவும் கருத்துக்களுக்கும் அதே விதிதான் போலும். பூட்டி வைத்தால் உதிர்ந்து விடும். பெயர்த்து எழுதுகிறவன் படித்தாக வேண்டும். படித்தால் யோசித்தாக வேண்டும்.

எங்கள் கம்பம் பள்ளத்தாக்கே இப்படித் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்த ஒரு யோசனையால் பிழைத்ததுதான். மேற்கே வீணாகக் கடலுக்கு ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாம் என்ற எண்ணம் ராமநாதபுரத்து மந்திரி முத்திருளப்ப பிள்ளைக்கு 1789-லேயே வந்தது. செலவைக் கணக்குப் பார்த்து விட்டு விட்டார். 1808-இல் காப்டன் கால்ட்வெல் என்ற ஆங்கிலேயர் மலையேறி ஆராய்ந்து, நடவாத காரியம் என்று எழுதினார். 1850-இல் சிறிய அளவில் வேலையே தொடங்கினார்கள். காய்ச்சலும் கூலிப் பிரச்சினையும் நிறுத்தி விட்டன. 1867-இல் மேஜர் ரைவ்ஸ் மறுபடியும் திட்டம் தீட்டினார். கடைசியில் பென்னிகுவிக்கின் காலத்தில், 1887-இல் ஆரம்பித்து, வெள்ளம் அடித்துக் கொண்டு போனதை எல்லாம் திரும்பக் கட்டி, 1895 அக்டோபரில் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே வந்தது. முதல் எண்ணத்துக்கும் முதல் தண்ணீருக்கும் நடுவில் 106 வருஷங்கள்!

கால்ட்வெல் முடியாது என்று எழுதியதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர் காலத்துக் கருவிகளையும் பணத்தையும் கொண்டு பார்த்தால் அது சரியான முடிவாகவே இருந்திருக்கும். 'முடியாது' என்ற அந்த வார்த்தையைப் பின்னால் வந்தவர்கள் வேதவாக்காக எடுத்துக் கொண்டிருந்தால் எங்கள் பக்கத்து வயல்கள் இன்றைக்கு என்னவாக இருந்திருக்கும்?

இதே அணையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. 1886-இல் திருவிதாங்கூருடன் ஒப்பந்தம் எழுதியபோது 999 வருஷத்துக்கு என்று எழுதினார்கள். 8,000 ஏக்கருக்கு, ஏக்கர் ஒன்றுக்கு 5 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 40,000 ரூபாய் குத்தகை. ஆயிரத்துக்கு ஒன்று குறைவாக எழுதினால் அந்த விஷயம் தீர்ந்தது என்று நினைத்தார்கள் போலும். நூறு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1970-இல் குத்தகையை ஏக்கருக்கு 30 ரூபாய் என்று மாற்றி எழுத நேர்ந்தது. நீர்மட்டம் எத்தனை அடி என்ற வழக்கு 2006-லும் 2014-லும் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பாகி, இரண்டு மாநிலத்துக்கும் நடுவில் மனஸ்தாபம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. எத்தனை நீண்ட காலத்துக்கு எழுதினாலும், மறுபடி எடுத்துப் படிக்க வேண்டாத முடிவு என்று ஒன்று உலகத்தில் கிடையாது.

முன்பெல்லாம் என் நோட்டில் பென்னிகுவிக்கைப் பற்றியும் ஒரு குறிப்பு இருந்தது. அணையை முடிக்கப் பணம் போதாமல் மனைவியின் நகைகளை விற்றார் என்று எங்கள் பக்கத்தில் சொல்லுவார்கள். 'பெருங்காரியத்துக்கு இருப்பதை எல்லாம் வை' என்று அதற்குக் கீழே நானே ஒரு நீதியும் எழுதியிருந்தேன். நகை விற்றதற்கு ஆவணம் கிடையாது என்று வரலாறு தேடுகிறவர்கள் சொல்லுகிறார்கள். சென்ற வருஷம் பெயர்த்து எழுதும்போது அந்த நீதியை அடித்து விட்டேன். அந்த மனிதரிடம் எனக்குள்ள மரியாதையை அடிக்கவில்லை. லோயர் கேம்பில் இருக்கும் அவருடைய மணிமண்டபத்தைக் கடக்கும்போது இன்றும் கை கூப்பத்தான் செய்கிறேன். ஆனால் ஏலத்தோட்டத்தில் நாலு லட்சம் போட்ட அன்றைக்கு என் மனத்தில் இருந்தது எது? நோட்டைத் திறக்காமலே, இந்த நீதிதான் இருந்தது. நமக்கு வேண்டிய வார்த்தையை ஆசை தானே தேடி எடுத்துக் கொடுத்து விடுகிறது. வேண்டாத வார்த்தைக்குத்தான் நோட்டைத் திறக்க வேண்டியிருக்கிறது.

திருக்குறளில் பொருட்பாலைப் புரட்டினால், தெரிந்துசெயல்வகை 47-ஆம் அதிகாரம். அதோடு நிற்காமல் வலியறிதல் 48, காலமறிதல் 49, இடனறிதல் 50 என்று தொடர்ச்சியாக வரும். ஆராய்ந்து செய் என்று ஒரே அதிகாரத்தில் சொல்லி முடிக்காமல், உன் பலம் என்ன, இது எந்தக் காலம், இது எந்த இடம் என்று தனித் தனியாகக் கேட்க வைத்தார் வள்ளுவர். உப்பும் சீனியும் என்று அப்பா சொன்னதற்கு இது பெரிய இடத்துச் சாட்சி.

அமெரிக்காவைச் சேர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் என்ற பெரியவர் 1772-இல் தம் நண்பர் ஜோசப் பிரீஸ்ட்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். குழப்பமான முடிவு வந்தால் ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் சாதகத்தையும் மறு பக்கம் பாதகத்தையும் மூன்று நான்கு நாட்கள் யோசித்து எழுதுவாராம். சம எடை உள்ளவற்றை இரண்டு பக்கமும் அடித்துக் கொண்டே வந்து மிச்சத்தைப் பார்ப்பாராம். அந்தக் கோட்டைவிட எனக்கு அந்த மூன்று நான்கு நாட்கள்தான் முக்கியமாகப் படுகின்றன. இன்றைக்கு ஆசையோடு எழுதியதை நாளைக்கு வேறொரு மனத்தோடு பார்க்க அவை இடம் கொடுக்கின்றன. நானும்தான் மூன்று நாள் எடுத்துக் கொண்டேன். அந்த மூன்று நாளும் அண்ணனோடு சேர்ந்து லாபத்தைத்தான் எண்ணினேன்.

"வாழ்க்கையை இப்படி நோட்டுப் போட்டு நடத்த முடியுமா? மனச்சாட்சி என்று ஒன்று இருக்கும்போது எழுத்து எதற்கு?" என்று வாசகர்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அக்கா வாசலில் நின்றபோது என் மனச்சாட்சி கொடு என்றுதான் சொன்னது. நோட்டை வைத்து அதன் வாயை அடைத்தேன். உண்மையைச் சொல்லுகிறேன், பணம் போய் விடுமே என்ற பயம்தான் எனக்குள் இருந்தது. அதற்குப் போர்த்த ஒரு மரியாதையான சால்வை வேண்டியிருந்தது. அப்பாவின் வார்த்தை சால்வையாயிற்று. ஆகவே நல்ல கருத்துக்களால் வரும் ஆபத்து, அவை இல்லாததால் வரும் ஆபத்தைவிடச் சிறியது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்தத் தவறை எனக்குக் காட்டிக் கொடுத்ததும் ஒரு நோட்டுத்தான். அப்பா எழுதாமலே மனத்தோடு வைத்திருந்தால், அவர் மனம் மாறியது எனக்குத் தெரியவே தெரியாது. நான் செய்தது சரி என்றே செத்திருப்பேன்.

இப்போது நானும் சித்திரை முதல் நாள் புதுக் கணக்கு எழுதுகிறேன். மூன்று நோட்டு இருந்தது பதினெட்டுப் பக்கமாகக் குறைந்து விட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பக்கத்திலும் அதை எப்போது, யாரிடம், எதற்காகப் பிரயோகித்தேன், என்ன ஆயிற்று என்று ஒரு சிறு குறிப்பு உண்டு. குறிப்பு இல்லாத வாக்கியம் இரண்டு வருஷத்துக்கு மேல் தங்குவதில்லை. யாரையாவது வாசலிலிருந்து திருப்பி அனுப்ப உதவிய வாக்கியமாக இருந்தால் அதை மட்டும் இரண்டு தடவை படிக்கிறேன்.

ஊரடங்கு தளர்ந்ததும் நாற்பதாயிரம் ரூபாயை எடுத்துக் கொண்டு தேவாரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். தோட்டத்தில் கை சுட்டுக் கொண்ட சமயம். கடன் வாங்கித்தான் கொண்டு போனேன். 1997 நோட்டையும் கூட எடுத்துப் போய் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள். அப்பாவின் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பணத்தைத் தொடவில்லை.

"அப்பத் தேவைப்பட்டுச்சுடா தம்பி. இப்ப என்னத்துக்கு? அதான் பிள்ளை சம்பாதிக்கிறாள்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு, "நோட்டை இங்கன வச்சுட்டுப் போ. நானும் படிச்சுப் பாக்குறேன்" என்றாள்.

வைத்து விட்டு வந்தேன். அந்தப் பணத்தைத் தோட்டக் கடனில் கட்டினேன். காலமறிதல் என்ற அதிகாரத்துக்கு நேராக என் நோட்டில் அக்காவின் அந்த ஒரு வார்த்தையை எழுதியிருக்கிறேன்: அப்பத் தேவைப்பட்டது. ஒவ்வொரு சித்திரையிலும் அதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் பெயர்த்து எழுதுகிறேன்.